பேரேட்டில் ஏறாத லாபம்

செட்டிநாட்டுப் பையன்கள் பர்மாவுக்குக் கப்பல் ஏறிய காலத்தில், படிப்புச் செலவு என்று தனியாக எதுவும் கிடையாது. மீசை முளைக்கும் முன்பே வட்டிக்கடையில் 'பெட்டியடிப் பையன்' வேலை. சிட்டை எழுதி, பேரேடு பார்த்து, 'அடுத்தாள்' ஆகி, ஒருநாள் கடையையே நடத்தும் ஏஜெண்ட் ஆகிவிடுவான். ஒரு தவணை மூன்று வருஷம். சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் படிப்பு! அப்படி வளர்ந்த தொழிலில், பர்மாவில் மட்டும் நகரத்தார் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று 1929-30-ல் விசாரித்த வங்கிக் குழு கணக்கிட்டது.

அந்தக் கணக்குப் புத்தி ஊரை விட்டுப் போய்விடுமா என்ன? 'பொண்ணு சைக்காலஜி படிக்கணும்கிறா. போட்ட காசு திரும்புமா?' என்று இன்று காரைக்குடியில் ஓர் அப்பா கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஐந்தொகை போட்டே பார்த்துவிடுவோம்.

முதலில் செலவு. இளங்கலை 3 வருஷம், முதுகலை 2 வருஷம். அதோடு முடிந்ததா? இல்லை. 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட, 1992-ல் வந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்குப் பல காலமாக இருந்துவந்த வழி, கவுன்சில் அங்கீகரித்த 2 வருஷ எம்.ஃபில். ஆக மொத்தம் 7 வருஷம். எம்.பி.பி.எஸ். படிப்பே ஐந்தரை வருஷம்தான்! பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு, இடங்களும் குறைவு. தனியார் பக்கம் போனால் லட்சங்கள்.

விதிகள் வேறு மாறிக்கொண்டே இருக்கின்றன. எம்.ஃபில். பட்டத்தையே ரத்து செய்த யு.ஜி.சி., இந்தத் துறைக்கு 2025-26 வரை தவணை கொடுத்தது. 2025-ல், தொலைநிலைக் கல்வியில் சைக்காலஜிக்குப் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. அதனால் ஃபீஸ் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே, 'இதை முடித்தால் பதிவு கிடைக்குமா?' என்று கேட்டுவிடுவது நல்லது.

சரி, வரவு? இந்தத் தொழிலில் சரக்கே நேரம்தான். ஒருவரிடம் முக்கால் மணி, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும். நாளைக்கு ஐந்து பேர், மாதம் 20 நாள், ஆளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய். வாடகை, கரண்ட் பில்லைக் கழியுங்கள். அதுவும் தினம் ஐந்து பேர் வந்தால்! சின்ன ஊரில் 'பார்த்தவங்க என்ன நினைப்பாங்க?' என்றே பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கடன் கொடுத்த பணம் ராத்திரியிலும் வட்டி ஈட்டும். அடுத்தவர் துயரத்தைக் கேட்கிற காது தூங்கியாக வேண்டும்.

ஆக, வீட்டுப் பேரேட்டில் இது சுமாரான முதலீடுதான். ஆனால் ஊர்ப் பேரேடு என்று ஒன்று இருக்கிறதே...

1985-ல் தனி மாவட்டம் பிரியும்வரை காரைக்குடியும் ஏர்வாடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். படித்த ஆட்களை உருவாக்காமல் மிச்சம் பிடித்த பணத்துக்கு நாம் கட்டிய வட்டி அது.

சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து அந்த வழக்கைக் கையில் எடுத்தது. பிறகு வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ற அளவு மனநலப் பணியாளர்களைப் பத்து ஆண்டுகளுக்குள் எட்ட அரசுகள் முயல வேண்டும். அதாவது 2028 மே. நிலைமை? 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் பேருக்கு அது கிடைக்கவில்லை.

மனச்சோர்வு, பதற்ற நோய்களின் சிகிச்சைக்குப் போடும் ஒரு டாலர், நான்கு டாலராகத் திரும்புகிறது என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த நாலு டாலர் எங்கே போகிறது? வேலைக்குத் திரும்பியவரின் குடும்பத்துக்கு, அவருடைய முதலாளிக்கு, ஊருக்கு. ஏழு வருஷம் படித்தவர் கைக்கு அதில் சொற்பம்தான் வருகிறது. முதல் போட்டவர் ஒருவர், லாபம் பார்ப்பவர் வேறொருவர் என்றால் எந்த அப்பாதான் துணிவார்?

இதற்குச் செட்டிநாட்டுக் கணக்கிலேயே ஒரு தலைப்பு உண்டு: மகமை. தொழில் வருமானத்தில் தர்மத்துக்கென்று எடுத்துவைக்கும் பங்கு. கோயிலும் பள்ளிக்கூடமும் அப்படித்தான் எழுந்தன. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதில் அவருக்கு எத்தனை வட்டி வந்தது என்று எந்தப் பேரேட்டிலும் தேட முடியாது.

மனநலப் படிப்பையும் மகமைக் கணக்கில்தான் எழுத வேண்டும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, தாலுகா ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை. இந்த இரண்டையும் அரசோ, அறக்கட்டளைகளோ கொடுக்கட்டும். பெட்டியடிப் பையனுக்குக் கிடைத்த அந்தச் சலுகை, இந்தப் பெண்ணுக்கும் கிடைத்தால் அப்பாவின் ஐந்தொகை தானாக நேராகிவிடும்!