பித்தளை நகரத்தின் கருஞ்சாம்பல்

ராம்கங்கை நதிக்கரையில், ஷாஜஹான் சக்கரவர்த்தியின் குமாரர் முராதின் நாமத்தைத் தாங்கி நிற்கும் முராதாபாத் நகரம், பித்தளைப் பாத்திரங்களை வார்த்து, அவற்றில் சித்திர வேலைப்பாடு செதுக்கித் தேசாந்தரங்களுக்கு அனுப்பிய தன் கம்மியர்களின் கீர்த்தியால், பித்தளை நகரமென்றே பிரசித்தி பெற்றிருந்தது. உலையை ஊதவும் உலோகத்தை இனம் பிரிக்கவும் பரம்பரையாகப் பழகிய அந்தக் கைகளில்தான், பித்தளை வியாபாரம் க்ஷீணித்த காலத்தில், டில்லியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கிய பழைய கம்ப்யூட்டர்களின் சர்க்யூட் பலகைகள் சேர்ந்தன. பலகையைச் சுட்டெரித்து, சாம்பலை இடித்துச் சலித்து நீரில் அலசித் தாமிரத்தைப் பிரிப்பதும், அமிலத்தில் ஊறவைத்து அணுப்பிரமாணமான தங்கத்தை மீட்பதும் குடிசைத் தொழிலாயின. வித்தை என்னவோ பழையதுதான், விஷம் மட்டும் புதிது. ஈயமும் காட்மியமும் கலந்த கருஞ்சாம்பல், நதியின் மணலோடு மணலாகப் படிந்தது.

பழைய ஈய பேட்டரியைக் கடைக்காரரே திரும்பப் பெறவேண்டுமென்ற விதி 2001-லேயே வந்துவிட்டது. மின்னணுக் கழிவுக்கோ, உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்கும் விதிகள் 2011-இல் பிரகடனமாகி, 2012 மே முதல் தேதி அமலுக்கு வந்தன. சட்டம் டில்லியில் பிறந்தது. ராம்கங்கைக் கரைச் சாம்பலை அப்புறப்படுத்தவோ, பின்னர் பசுமைத் தீர்ப்பாயமே தலையிட நேர்ந்தது.