கசெற்றுக்குள் ஓடிய சைக்கிள்

அருங்காட்சியகத்தில் பொத்தானை அழுத்திக் குரல் கேட்டிருப்பீர்கள். அந்தப் பொத்தானுக்கும் ஒரு வரலாறு உண்டு.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1931இல் சிறுவர் கூடம் ஒன்றைத் திறந்தது. அங்கே பிள்ளைகளே பொத்தானை அழுத்தி மாதிரிப் பொறிகளை இயக்கினார்கள். 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் பார்வையாளர் கையில் சின்ன வானொலிப் பெட்டியைக் கொடுத்து விளக்கம் சொன்னது. ஆனால் அது ஒலிபரப்பு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சு. பிந்தி வந்தவர் தொடக்கத்தைக் கேட்க முடியாது. பொத்தான் இருந்தால் யார் எப்போது வந்தாலும் கதை முதலில் இருந்து தொடங்கும்.

போன வருஷம் எங்கள் பகுதி அருங்காட்சியகத்தில் புலம்பெயர்ந்தோர் பற்றி ஒரு சிறிய கண்காட்சி நடந்தது. 1993இல் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் பேசிப் பதிந்து அம்மாவுக்கு அனுப்பிய கசெற்றை அதற்குக் கொடுத்தோம். கேட்பதற்கான பெட்டியைச் செய்வது என் வேலை.

சாமான் அதிகம் இல்லை. ஒரு பொத்தான், ஒரு சின்ன எம்பி3 பலகை, மெமரி கார்ட், ஸ்பீக்கர். ஒருமுறை அழுத்தினால் பேச வேண்டும், மறுபடி அழுத்தினால் நிற்க வேண்டும். ஆனால் சிலவேளை பேசியது, சிலவேளை பேசவில்லை. பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது நுண்ணியதாகத் துள்ளும். ஒரு அழுத்தை இரண்டாக எண்ணி, தொடங்கிய கையோடு நின்றுவிட்டது. முதல் தொடுகைக்குப் பிறகு 50 மில்லிசெக்கன் எதையும் கவனிக்காதே என்று நிரலில் எழுதினேன். சரியாகிவிட்டது.

அடுத்தது இரைச்சல். அம்மம்மாவின் குரலுக்குப் பின்னால் "கிர்ர்" என்று ஒரு சத்தம். கணினியில் அதை அழிக்க ஆயத்தமானேன். அம்மா தடுத்தார்.

"அது சைக்கிள், பிள்ளை."

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சனம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அம்மம்மா பேச, மாமா பெடல் சுற்றியிருக்கிறார். ஓரிடத்தில் அம்மம்மாவின் குரல் கீச்சிடும். மாமா களைத்த இடம் அது. பதியும்போது நாடா மெதுவாக ஓடினால், பிறகு கேட்கும்போது குரல் வேகமாகும்.

நான் எதையும் அழிக்கவில்லை. பெட்டியில் ஒரு வரி மட்டும் ஒட்டினேன்: "பின்னால் கேட்பது மாமா சுற்றும் சைக்கிள்."

உங்கள் வீட்டிலும் பழைய கசெற் கிடக்கலாம். அதைக் கணினிக்கு மாற்றும்போது இரைச்சல் கேட்டால் உடனே அழிக்காதீர்கள். அது என்ன சத்தம் என்று முதலில் அம்மா அப்பாவிடம் கேளுங்கள்.