சோறும் பருப்பும்: புரதத்தை அளந்த வரலாறு

பாகான் செராய் நெல் விளையும் ஊர். 1906-இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் அவ்வட்டார வயல்களை வளப்படுத்தியது. அங்கு வாழும் தமிழர்க்குச் சோறும் பருப்பும் பழகிய உணவு. இவ்விணைப்பின் சிறப்பை அறிவியல் உணர்ந்த வரலாறு அறியத்தக்கது.

புரதத்தை உண்பது வேறு. உடல் அதனைத் தன்னதாக்கிக் கொள்வது வேறு. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். குடல் ஏற்ற நைட்ரஜனில் உடலில் தங்கியது எவ்வளவு என்று கணக்கிட்டால் புரதத்தின் தரம் விளங்கும். ஜெர்மானிய அறிஞர் கார்ல் தாமஸ் 1909-இல் இவ்வழியைக் காட்டினார். அமெரிக்கரான மிட்செல் 1924-இல் எலிகளைக் கொண்டு அதனைச் செம்மைப்படுத்தினார். 1930-களில் நீலகிரியிலுள்ள குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் எம். சுவாமிநாதன் நம் நாட்டுப் பருப்புகளை இவ்வாறு ஆராய்ந்தார். 2013-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் பரிந்துரைத்த முறையோ, ஒவ்வோர் அமினோ அமிலமும் சிறுகுடலில் எவ்வளவு செரிக்கிறது என்று தனித்தனியே அளக்கிறது.

அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. கைப்பணம் சுருங்கினால் முதலில் குறைவது பருப்பே. அப்போது பருப்பின் புரதம் மட்டுமா குறைகிறது? லைசின் போதாமையால் அரிசிப் புரதத்திலும் ஒரு பகுதி உடலைக் கட்டாமல் வீணாகிறது.