திருமங்கலத்து உறையும் ரேபரேலி மேடையும்

மதுரையிலிருந்து விருதுநகர் நோக்கித் தெற்கே செல்வோர் கப்பலூரைக் கடந்தே ஆகவேண்டும். தியாகராசர் ஆலை, தொழிற்பேட்டை, பின்னாளில் வந்து ஓயாத வழக்காகிவிட்ட சுங்கச்சாவடி ஆகியவற்றால் அறியப்பட்ட ஊர் அது. அவ்வூர் அடங்கிய வட்டத்தின் தலைமையிடமான திருமங்கலத்திற்கு 2009ஆம் ஆண்டில் வேறொரு பெயர் வந்து சேர்ந்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொற்றொடரை இன்று தமிழகத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உழைத்து வாழும் ஒரு கரிசல் பூமியின் பெயர் தேர்தல் கையூட்டுக்கு மறுபெயராகிவிட்டது. அம்மண்ணின் மக்களுக்கு இது நேர்ந்திருக்க வேண்டாம்.

நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 2006ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அத்தொகுதியில் ம.தி.மு.க.வின் வீர. இளவரசன் வென்றிருந்தார். அவர் மறைந்ததால் 2009 சனவரி 9 அன்று, பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னதாக, இடைத்தேர்தல் நடைபெற்றது. ஆளுங்கட்சியான தி.மு.க.வின் சார்பில் லதா அதியமானும், அ.தி.மு.க.வின் சார்பில் முத்துராமலிங்கமும் போட்டியிட்டனர். ஆளுங்கட்சியின் தேர்தல் பணியை முன்னின்று நடத்தியவர் முதலமைச்சரின் மகன் மு.க. அழகிரி, அன்று அவர் அரசில் எப்பதவியையும் வகிக்கவில்லை. ஏறத்தாழ 89 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. தி.மு.க. 79,422 வாக்குகளும் அ.தி.மு.க. 40,156 வாக்குகளும் பெற்றன. வேறுபாடு 39,266.

ஈராண்டுகளுக்குப் பின், 2011 மார்ச்சில், 'தி இந்து' ஆங்கில நாளேடு விக்கிலீக்ஸ் வழியாகக் கிடைத்த ஓர் ஆவணத்தை வெளியிட்டது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் 2009 மே மாதம் தன் நாட்டுக்கு அனுப்பிய தகவல் அது. வழக்கமாக நள்ளிரவில் ஆள்விட்டுக் கொடுக்கும் முறையை விடுத்து, காலையில் வாசலில் விழும் செய்தித்தாளுக்குள் உறை வைக்கப்பட்டது என்றும், அதனுள் ஒரு வாக்குக்கு 5,000 ரூபாயும் எவருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற சீட்டும் இருந்தன என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. தொடர்புடையவர்கள் மறுத்தார்கள். அத்தேர்தல் செல்லாது என அறிவிக்கப்படவில்லை. வென்றவர் 2011 வரை உறுப்பினராக நீடித்தார்.

இதை வேறொரு தீர்ப்போடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் நெஞ்சு உறுத்துகிறது. 1971ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலித் தொகுதியில் இந்திரா காந்தி அம்மையார் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் ராஜ் நாராயணனைத் தோற்கடித்தார். தோற்றவர் வழக்குத் தொடுத்தார். கம்பளியும் வேட்டியும் மதுவும் வழங்கி வாக்கு வாங்கப்பட்டது என்பதும் அவர் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. 1975 சூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா அக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று தள்ளிவிட்டார். ஆனால் வேறிரண்டை ஏற்றார். யஷ்பால் கபூர் என்ற அலுவலர் அரசுப் பணியிலிருந்து முறைப்படி விடுபடுமுன்பே தலைமை அமைச்சருக்காகத் தேர்தல் வேலை செய்தார் என்பது ஒன்று. தேர்தல் கூட்டங்களுக்கு மேடை கட்டவும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தரவும் மாநில அரசின் அலுவலர்கள் பயன்படுத்தப்பட்டனர் என்பது மற்றொன்று. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(7) பிரிவின்படி இரண்டும் முறைகேடுகள். தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. ஆறாண்டுத் தடையும் விதிக்கப்பட்டது.

இத்துணைச் சிறிய தவற்றுக்கா இத்துணைப் பெரிய தண்டனை என்று அன்று பலர் கேட்டனர். இன்றும் கேட்பவர் உண்டு. எனக்கு அக்கேள்வியில் உடன்பாடில்லை. அம்மேடையின் மரமும் ஆணியும் மலிவாக இருக்கலாம். அதைக் கட்டிய கை எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான கை. அதை ஒருவர் தமக்கென எடுத்துக்கொண்டார் என்பதே குற்றம். தீர்ப்பு வந்த பதின்மூன்றாம் நாள் நெருக்கடிநிலை வந்தது. ஆகஸ்டில் சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம், திருத்திய சட்டத்தின்படி, அம்மையாரின் வெற்றியை நிலைநிறுத்தியது. மேடை சிறியது என்போர், அதைக் காக்க எவ்வளவு பெரியது செய்யப்பட்டது என்பதையும் கணக்கில் கொள்ளட்டும்.

1979இல் தேர்தல் ஆணையம் தன் நடத்தை விதிகளில் ஆளுங்கட்சிக்கெனத் தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தது. அமைச்சர் அலுவல் பயணத்தையும் பரப்புரையையும் கலக்கலாகாது. அரசு வண்டியைப் பயன்படுத்தலாகாது. விருந்தினர் மாளிகையைக் கட்சி அலுவலகமாக்கலாகாது. தேர்தல் அறிவித்தபின் புதிய திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டலாகாது. சட்டத்தின் வலிமை இல்லாத இவ்விதிகளுக்குப் பல் முளைத்தது 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த டி.என். சேஷன் காலத்தில்தான். 1960களில் நம் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் அவர் என்பதை இப்பகுதி முதியவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

மேடையைப் பிடித்த சட்டத்தால் உறையைப் பிடிக்க இயலாமற் போவது ஏன்? அரசு மேடை கட்டினால் ஆணை இருக்கும், கோப்பு இருக்கும், மின்வாரியப் பதிவு இருக்கும். உறைக்குச் சாட்சி அதை வாங்கியவர் மட்டுமே. கொடுத்தவரைப் போலவே வாங்கியவரும் சட்டத்தின்முன் குற்றவாளி. வாய் திறந்தால் தம்மையே காட்டிக்கொடுக்க வேண்டும். இவ்வாறு கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே இரகசியத்தின் பங்காளிகளாகிவிடுகின்றனர். மேலும், அரசுப் பதவி எதுவும் இல்லாத ஒருவர் ஆட்சியின் நிழலில் நின்று செயல்பட்டால், அரசு அலுவலரைப் பற்றிப் பேசும் பிரிவு அவரைத் தொடாது. எக்கட்சி ஆட்சியிலும் இந்நிழல் உண்டு.

இது நம் காலத்துக் கண்டுபிடிப்பும் அன்று. உரோமையில் வாக்குக் கேட்டுச் சுற்றி வருவதைக் குறித்த சொல்லிலிருந்தே வாக்கை விலைக்கு வாங்கும் குற்றத்திற்கும் பெயர் வந்தது. கி.மு. 63இல் சிசரோ அக்குற்றத்திற்குப் பத்தாண்டு நாடுகடத்தலைச் சேர்த்துச் சட்டம் செய்தார். அங்கே வேட்பாளர் சுண்ணம் பூசி வெளுத்த ஆடையில் வருவது வழக்கம். ஆங்கிலத்தில் வேட்பாளரைக் குறிக்கும் சொல் 'வெண்மை' என்னும் அந்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. நம் ஊர் வெள்ளை வேட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மதுரைச் சீமையில் பதவியின் அறம் பற்றிப் பேசினால் உடனே கக்கன் பெயர் எழும். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். 1957 முதல் 1967 வரை அமைச்சர். பதவி போனபின் பேருந்தில் பயணம் செய்தார். நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் படுத்திருந்தார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்து பார்த்த பிறகே ஊர் திரும்பிப் பார்த்தது. 1981 திசம்பரில் மறைந்தார். இவ்வரலாற்றை மேடைகளில் சொல்வோர் ஒரு பகுதியை விட்டுவிடுகின்றனர். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மதுரையில் வெடித்துத் தமிழகமெங்கும் பரவி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டபோது உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவரே. முடிவுகளை எடுத்தவர் முதலமைச்சர் பக்தவத்சலமே எனலாம். ஆயினும் துறை அவருடையது. 1967இல் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். பொதுப்பணத்தில் கைவைக்காதவர் என்பது அவரைப் பற்றிய உண்மை. ஆனால் கைவைக்காமை ஒன்றே ஆட்சியறம் முழுவதும் ஆகிவிடாது. அம்மக்களின் வாக்கு விலைக்கு வாங்கப்படாமலிருந்ததால்தான் அந்தக் கணக்கையும் அவர்களால் கேட்க முடிந்தது. 5,000 ரூபாய் பெற்றுக்கொண்ட வாக்காளர் பிறகு சாலையைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ எந்த வாயால் கேட்பார்?

பங்குகளில் பணிபுரியும் எவரிடமும் தேர்தல் நாள்களில் ஒரு கேள்வி வரும். "சாமி, பணத்தை வாங்கிக்கிட்டு வேற ஆளுக்குப் போட்டா பாவமா?" சில ஊர்களில் 'பட்டுவாடா' செய்வோர் சூடம் கொளுத்திச் சத்தியமும் வாங்குவதால், அச்சம் மெய்யானது. சத்தியத்தைப் பொறுத்தவரை விடை எளிது. தீயதைச் செய்வதாக இட்ட ஆணை எவரையும் கட்டுப்படுத்தாது. ஏரோது தன் ஆணையைக் காப்பாற்றினான். திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வந்தது. ஆணையிட்டது ஒரு பாவம், அதை நிறைவேற்றியது மற்றொன்று.

பணத்தைப் பற்றிய விடைதான் கடினம். திருப்பதவிகளைக் காசுக்கு விற்று வாங்கும் இழிவு நம் திருச்சபைக்குள்ளேயே நூற்றாண்டுகளாக இருந்தது. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் மந்திரவாதி சீமோனின் பெயரே அக்குற்றத்திற்கு நிலைத்தது. அதைப் பற்றி எழுதும்போது 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ், கொடுத்தவனும் வாங்கியவனும் இருவருமே அநீதி செய்திருக்கையில் அப்பணத்தை வாங்கியவன் வைத்துக்கொள்ளவும் கூடாது, கொடுத்தவனிடம் திருப்பவும் வேண்டியதில்லை, ஏழைகளுக்குத் தரவேண்டும் என்று தீர்த்துரைத்தார். தெளிவான தீர்வுதான். ஆனால் கேட்டவரே ஏழையாக இருந்து, பணம் ஏற்கெனவே அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் போயிருந்தால்? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அத்தாயிடம் நான் அறத்தைப் பேசத் தயங்குவதில்லை. உறையை அனுப்பியவரிடம் பேச வேண்டியதே முதலில் பேசப்பட வேண்டும் என்பதையும் மறைப்பதில்லை.

திருமங்கலத்திற்குப் பின் கதை ஓயவில்லை. பணப் பரிமாற்றத்தைக் காரணங்காட்டி அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தல் 2016 மே மாதம் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் அன்றைய அ.தி.மு.க. அரசின் நலவாழ்வுத் துறை அமைச்சர் வீட்டில் வருமான வரித்துறை சோதனை நடந்தபின் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் கைவிடப்பட்டது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அவ்வாறே. தேர்தலை நிறுத்த ஆணையத்தால் முடிகிறது. தேர்தல் கையூட்டுக்கு ஆங்கிலேயர் 1920இல் வகுத்த உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறை அல்லது தண்டம் அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தை மாற்றி 2023இல் நிறைவேறி, 2024 சூலை முதல் நடப்பிலுள்ள நியாய சன்ஹிதாவிலும் அது அதே ஓராண்டுதான்.