உலை மூட்ட நல்ல நாள், கண்ணாடி உருக்கும் முன் ஆடு பலி... 2,600 ஆண்டு பழைய களிமண் பலகைகள் சொல்வது என்ன?

கண்ணாடி செய்வது எப்படி? இந்தக் கேள்விக்கு எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதில்களில் ஒன்று, மணலில் இருந்து தொடங்கவில்லை. நல்ல நாள் பார்ப்பதில் இருந்து தொடங்குகிறது.

இன்றைய இராக்கின் மொசூல் நகரை ஒட்டி இருக்கிறது பண்டைய நினிவே. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசிரிய மன்னர் அசுர்பனிபால் அங்கே பெரிய நூலகம் வைத்திருந்தார். அங்கு கிடைத்த களிமண் பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் சில, கண்ணாடி செய்யும் முறையைச் சொல்பவை. 1970இல் ஆய்வாளர் லியோ ஓப்பன்ஹைமும் அவரது குழுவினரும் இவற்றை மொழிபெயர்த்து நூலாக வெளியிட்டனர்.

பலகைகளில் என்ன இருக்கு?

- உலைக்கு அடித்தளம் போட நல்ல மாதமும் நல்ல நாளும் பார்க்க வேண்டும்.
- உலை கட்டி முடித்ததும் 'குபு' என்ற தெய்வ உருவங்களை அங்கே வைக்க வேண்டும். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. தீட்டு உள்ளவர்கள் அந்த உருவங்களுக்கு முன்னால் நடக்கவும் கூடாது.
- உருக்க வேண்டிய பொருளை உலைக்குள் வைக்கும் நாளில் ஆடு பலி கொடுத்து, நறுமணப் புகை போட வேண்டும்.
- அதன் பிறகுதான் அடுப்பு மூட்டணும். விறகுக்கு எந்த மரம், அதை எந்த மாதத்தில் வெட்டியிருக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் அடுத்துதான் பொருட்களின் அளவு, அரைக்கும் விதம், கிளறும் விதம் எல்லாம் வருகின்றன. சடங்கு தனி, தொழில்நுட்பம் தனி என்று பலகை பிரிக்கவே இல்லை.

யார் இந்த குபு?

பிறக்காமலேயே இறந்த கருவைக் குறிக்கும் சொல் 'குபு'. மெசபடோமிய மக்கள் அதைத் தெய்வ சக்தியாகவும் பார்த்தார்கள். சரி, கண்ணாடி உலைக்கு முன்னால் அது எதற்கு? உலையைக் கருப்பையாகவும், உள்ளே உருகும் பொருளைக் கருவாகவும் அவர்கள் நினைத்திருக்கலாம் என்பது சமய வரலாற்றாளர் மிர்சியா எலியாட் தந்த விளக்கம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை.

ஏன் இவ்வளவு பயபக்தி?

காரணம், நெருப்பு. மணல் மட்டும் உருக சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. விறகு அடுப்பில் அது நடக்காது. மணலோடு குறிப்பிட்ட செடிகளின் சாம்பலைச் சேர்த்தால், சுமார் 1,000 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும். அந்த வெப்பத்தையும் விடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். அப்போது வெப்பமானி கிடையாது. உள்ளே இருப்பது எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். மஞ்சளாக ஒளிரும் வரை எரிக்கச் சொல்கிறது பலகை.

இன்னொரு முக்கிய நிபந்தனை, நெருப்பு புகையக் கூடாது. இதில் வேதியியல் இருக்கிறது. செம்பு கலந்த கண்ணாடி, காற்று நன்றாகக் கிடைக்கும் நெருப்பில் நீலமாகவோ நீலப்பச்சையாகவோ வரும். புகை சூழ்ந்து ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பாக மாறிவிடும். ஒரு தவறு நடந்தால் பல நாள் உழைப்பும் விறகும் வீண். அந்தப் பதற்றத்தைக் கையாளத்தான் ஆடு பலியும் தேவைப்பட்டது, புகையில்லா விறகும் தேவைப்பட்டது.

கண்ணாடிக்கு அவ்வளவு மதிப்பா?

ஆமாம். அன்று மிக உயர்வாக மதிக்கப்பட்ட நீலக்கல் லாபிஸ் லாசுலி. ஆப்கானிஸ்தான் மலைகளில் இருந்து வர வேண்டும். அக்காடிய மொழியில் அதற்குப் பெயர் 'மலையின் நீலக்கல்'. நீலக் கண்ணாடிக்குப் பெயர் 'உலையின் நீலக்கல்'. எகிப்து மன்னர் துட்டன்காமுனின் தங்க முகமூடியில் தலைத்துணியின் நீலக் கோடுகள் கண்ணாடிதான். துருக்கிக் கடலோரம் உளுபுருன் என்ற இடத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பலில் சுமார் 175 கண்ணாடிக் கட்டிகள் கிடைத்தன.

இன்றும் தொடருதா?

துருக்கியின் இஸ்மிர் பகுதியில் கொரெஜே, நஸர்கோய் என்ற ஊர்களில், பைன் விறகு எரியும் உலைகளில் 'நஸர்' மணி செய்கிறார்கள். நீலக் கண்ணாடியில் வெள்ளையும் கருப்பும் வைத்து ஒரு கண். நம்ம ஊர் பாஷையில், திருஷ்டி கழிக்கும் மணி. கைவினைஞர் இரும்புக் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுருட்டி, ஒவ்வொரு நிறத்தையும் சூட்டோடு சூடாகப் பொட்டு வைப்பது போல வைக்கிறார்.

இந்த மணி தானாக விரிசல் விட்டால், கெட்ட பார்வையைத் தாங்கி உடைந்துவிட்டது என்பது அங்குள்ள நம்பிக்கை. அறிவியல் சொல்வது வேறு. சூடான கண்ணாடி சீக்கிரம் ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பிறகு எப்போது வேண்டுமானாலும் விரிசல் வரலாம். அதனால்தான் மணிகளை உலையின் ஓரத்தில் வைத்து மெதுவாக ஆற வைக்கிறார்கள்.

நம்பிக்கைக்குக் குறைவில்லை, மணிக்கும் கிராக்கி இருக்கிறது. ஆனால் சந்தையில் பெரும்பாலும் விற்பது இயந்திரத்தில் செய்த மலிவு மணிகளும் பிளாஸ்டிக் மணிகளும்தான். நாள் முழுக்க உலை முன் உட்கார இளைஞர்களும் அதிகம் வருவதில்லை. விறகு உலைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. மணி கடையில் கிடைக்கும். நெருப்பின் நிறம் பார்த்துச் சூடு சொல்லும் கண் கிடைக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.