கலங்கரை விளக்குக்கு யார் காசு கொடுப்பது?

பி.காம். படிக்கும் நண்பர்களுக்கு நினைவிருக்கும். பொதுப் பண்டம் என்றால் என்ன என்று கேட்டதும் நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதும் உதாரணம் கலங்கரை விளக்கம்தான். வெளிச்சத்தை எந்தக் கப்பலும் இலவசமாகப் பார்த்துவிட்டுப் போகலாம், காசு வாங்க வழியில்லை, அதனால் அரசாங்கம்தான் கட்ட வேண்டும். நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். அப்புறம்தான் ஸ்கெரீஸ் தீவின் கதை தெரிந்தது.

ஸ்கெரீஸ் என்பது வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவுக்கு வடமேற்கே கடலில் இருக்கும் சின்னப் பாறைக் கூட்டம். லிவர்பூலுக்குப் போகும் பல கப்பல்கள் அந்தப் பக்கமாகத்தான் போகும். இருட்டில் பாறை தெரியாமல் மோதினால் அவ்வளவுதான்.

வில்லியம் டிரெஞ்ச் என்பவர் 1714-ல் அரச உரிமம் வாங்கி, சொந்தக் காசில் அங்கே கோபுரம் கட்டினார். 1717-ல் விளக்கு எரிந்தது. விளக்கு என்றால் லென்ஸ், பல்பு எல்லாம் இல்லை. உச்சியில் ஒரு இரும்புக் கூடை, அதில் நிலக்கரி நெருப்பு. ராத்திரி முழுக்க ஒருவர் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, காசு எப்படி வாங்கினார்கள்? நடுக்கடலில் யாரையும் நிறுத்த முடியாது. ஆனால் கப்பல் எப்படியும் ஒரு துறைமுகத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்! அங்கே வைத்து வசூல் செய்தார்கள். ஆனால் டிரெஞ்சுக்கு வரவேண்டிய பணம் சரியாக வரவில்லை. இந்த முயற்சியில் அவர் தன் மகனையே கடலில் பறிகொடுத்தார். கடைசியில் கடனாளியாகவே இறந்தார்.

1730-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, வசூல் உரிமையை அவர் குடும்பத்துக்கு நிரந்தரமாகக் கொடுத்தது. லிவர்பூல் வளர வளர வருமானமும் கொட்டியது. 1804-ல் நிலக்கரி போய் எண்ணெய் விளக்கு வந்தது. 1836-ல் தனியார் விளக்குகளை எல்லாம் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, ஸ்கெரீஸ் உரிமையாளர் மார்கன் ஜோன்ஸ் மசியவில்லை. 3,99,500 பவுண்டு வரை கொடுக்க முன்வந்தும் மறுத்துவிட்டார். 1841-ல் அவர் இறந்த பிறகு, ஜூரிகள் நிர்ணயித்த 4,44,984 பவுண்டுக்குக் கைமாறியது. பிரிட்டனில் கடைசியாகத் தனியார் கையில் இருந்த கலங்கரை விளக்கம் அதுதான். 1987-ல் அது தானியங்கி ஆனது.

ரொனால்டு கோஸ் 1974-ல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட தனியார் விளக்குகளைக் காட்டித்தான், பாடப்புத்தக உதாரணம் தவறு என்றார். ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. உரிமம் கொடுத்தது அரசர், வசூலுக்குப் பலம் கொடுத்தது சட்டம். அப்படியென்றால் இது முழுத் தனியாரும் இல்லையே? கட்டியவர் கடனில் போக, லாபம் பார்த்தது பின்னால் வந்தவர்கள். எந்தக் கணக்குப் புத்தகத்தில் டிரெஞ்சின் நஷ்டத்தை எழுதுவது?

அடுத்த பரீட்சையிலும் கலங்கரை விளக்கம் என்றுதான் எழுதுவேன். ஆனால் முன்போல ஒரே வரியில் முடிக்க மனம் வராது. நீங்கள் என்ன எழுதுவீர்கள்?