ஈ, தா, கொடு: தமிழ்க் கொடைவினைகளின் திசையும் தரமும்

ஒரு பொருளோ செய்தியோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஈ, தா, கொடு, அளி, வழங்கு, நல்கு, ஒப்படை, கையளி, சேர்ப்பி, சமர்ப்பி என்று பட்டியல் நீளும். நிகண்டு மரபு இத்தகைய சொற்களை ஒரு பொருள் குறித்த பல சொல்லாகத் தொகுத்தது. ஆனால் இவற்றுள் மூத்த மூன்றாகிய ஈ, தா, கொடு ஆகியவை தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று மாற்றாக நின்றவை அல்ல. பொருள் யாரை நோக்கிச் செல்கிறது என்னும் திசையும், கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்னும் தரமும் அவற்றைப் பிரித்து வைத்திருந்தன. திசை வேறுபாடு தமிழ்நாட்டுப் பேச்சில் பெரிதும் மங்கிவிட்டது. தர வேறுபாடோ மறையாமல், வேறு இடங்களில் குடியேறியது. இந்த இருவேறு போக்கையும் இக்கட்டுரை தடம் காண்கிறது.

1. தொல்காப்பியத்தில் இரண்டு விதிகள்

சொல்லதிகாரக் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் ஒருசேர வைத்துப் பேசுகிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. ஆகவே எனக்கும் உனக்கும் 'தந்தான்', அவனுக்குக் 'கொடுத்தான்' என்பதே முறை. இங்கே கொடுப்பவர் யார் என்பது பொருட்டல்ல. பெறுபவர் யார் என்பதே வினையைத் தீர்மானிக்கிறது. 'தா' என்பதற்குப் பேசும் இடத்தை நோக்கிக் கொண்டுவருதல் என்ற பொருளும் உண்டு. தொல்காப்பியப் பாயிரம் குறிப்பிடும் 'நிலந்தரு திருவிற் பாண்டியன்' என்னும் பெயரில் அப்பொருளைக் காணலாம். அவன் நிலத்தை வாரி வழங்கியவன் அல்லன். தன் நாட்டோடு நிலத்தைக் கொண்டுவந்து சேர்த்தவன்.

எச்சவியல் தரத்தைப் பேசுகிறது. ஒன்றைக் கேட்கும்போது இழிந்தோன் 'ஈ' என்பான், ஒப்போன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தனக்காகக் கேட்கும் உயர்ந்தோன், படர்க்கைக்கு உரிய 'கொடு'வைச் சொல்வது எப்படிப் பொருந்தும்? தொல்காப்பியரே விடை தருகிறார்: அவன் தன்னைப் பிறன் போல வைத்துப் பேசுகிறான். தன்னை உரையாடலிலிருந்து தள்ளி நிறுத்துவதே அவனுடைய உயர்வின் அடையாளமாகிறது. திசை விதியிலிருந்தே தர விதி கிளைத்திருக்கலாம் என்று கருத இந்த விளக்கம் வலுவான சான்று. பவணந்தியின் நன்னூலும் இவ்விரு செய்திகளுக்கும் தனித்தனிச் சூத்திரம் வைத்திருக்கிறது.

2. குடும்ப மொழிகளின் சாட்சி

திசை வேறுபாடு இலக்கண ஆசிரியரின் கற்பனை அன்று. நீலகிரியில் களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ 1945-இல் திராவிட மொழிகளின் 'வா', 'தா' வினைகளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தன்மை முன்னிலைக்கு ஒரு வினை, படர்க்கைக்கு வேறு வினை என்னும் அமைப்பு தோடா, கோத்தா, குடகு முதலிய மொழிகளிலும் உண்டு. மலையாளத்தில் இன்றும் 'எனிக்கு தரூ' என்பதும் 'அவனு கொடுத்து' என்பதும் அன்றாட வழக்கு. தொல்காப்பியர் வகுத்த விதியை ஏட்டைத் திறக்காமலே அங்கே குழந்தைகள் பின்பற்றுகிறார்கள்.

3. கல்வெட்டுகள் காட்டுவது

மதுரைக்கு அருகே மாங்குளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. துறவியருக்குக் குகைத் தளம் அமைத்த கொடையைச் சொல்லும் இவற்றில் 'ஈத்த' என்று படிக்கப்படும் வடிவமும், 'கொடுப்பித்தோன்' என்பதன் பழைய வடிவமும் வருகின்றன. பெறுபவர் படர்க்கை என்பதால் 'கொடு' வந்தது விதியோடு ஒத்துப்போகிறது.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் கடந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டு ஆணை, தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறது. நால்வகைக்கும் ஒரே சொல்தான்: 'குடுத்தன'. பேசுபவன் அரசனே ஆனாலும் பெறுபவர் இறைவன் என்பதால் வினை மாறவில்லை. எழுத்து வடிவமும் கவனத்துக்குரியது. இன்று நம் தெருக்களில் ஒலிக்கும் 'குடு' அன்றே கல்லில் ஏறிவிட்டது.

4. மங்கலும் இடமாற்றமும்

இன்று தமிழ்நாட்டில் 'எனக்குக் குடு' என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. எழுத்தில் 'அவருக்குத் தந்தார்கள்' என்பதும் அப்படியே. 'சொல்லித் தா', 'சொல்லிக் கொடு' ஆகிய இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. ஈழத்துப் பேச்சில் 'தாங்கோ' இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது. 'ஈ' பேச்சிலிருந்து விலகி எழுத்து வழக்கில் மட்டும் தங்கியது. இரப்பவனின் சொல்லாக இலக்கணம் குறித்த அதே வினையடியிலிருந்துதான் திருக்குறளின் 23-ஆம் அதிகாரம் 'ஈகை' என்று பெயர் பெற்றது. கேட்பவனைத் தாழ்த்திய வினை, கொடுப்பவனை உயர்த்தும் அறமாயிற்று.

தரமோ முதலில் வினையடியை விட்டு விகுதிக்கு நகர்ந்தது. 'குடு', 'குடுங்க' என்னும் வேறுபாட்டில் மரியாதையை இப்போது சுமப்பது விகுதி. அடுத்து, அலுவலகத் தமிழ் புதிய வரிசை ஒன்றை உருவாக்கியது. அமைச்சர் நலத்திட்ட உதவிகளை 'வழங்கினார்'. குடிமகன் விண்ணப்பத்தைச் 'சமர்ப்பித்தார்'. பதவி விலகுபவர் பொறுப்பை 'ஒப்படைத்தார்'. அமைச்சர் சமர்ப்பித்தார் என்றால் மேலே யாரோ இருக்கிறார் என்று வாசகர் உடனே உணர்கிறார். எச்சவியல் சொன்ன மூன்று படிநிலைகளும் சொற்களை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துள்ளன.

5. முடிவுரை

கொடைவினைகளின் வரலாறு காட்டும் உண்மை இது: மொழி ஒரு வேறுபாட்டைக் கைவிடும்போது அதன் இணை வேறுபாடும் கூடவே அழிய வேண்டியதில்லை. திசை தளர்ந்தது, சமூக ஏற்றத்தாழ்வு நீடித்ததால் தரம் நீடித்தது. எனவே இச்சொற்களை ஒன்றுக்கு ஒன்று நிகர் என்று பட்டியலிடும் அகராதிகளும் பாடநூல்களும், ஒவ்வொன்றுக்கும் யார், யாருக்கு, எந்த நிலையில் என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். குமரி, நெல்லை, யாழ்ப்பாணம், மலையகம் ஆகிய வட்டாரங்களில் தா, கொடு பயன்பாட்டை நேரில் பதிவு செய்வது அடுத்த கட்டப் பணி. பேச்சில் எஞ்சியுள்ள திசை வேறுபாட்டை, பேசுவோர் இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும்.